வீல் பேரிங்கும் அரைக் கிலோ சுத்தியலும்

பின்சக்கரத்தில் சத்தம் வந்தால் நம் ஊரில் முதல் பழி செயின் மேல்தான் விழும். செயினை இறுக்குவார்கள், ஆயில் விடுவார்கள், நாலு நாள் சத்தம் அடங்கினாற்போல் இருக்கும். அடுத்த பழி பிரேக் ஷூவுக்கு. அதைக் கழற்றி உப்புத்தாள் போட்டுத் தேய்த்து மாட்டுவார்கள். அப்புறம் டயர். கடைசியில்தான் யாராவது சக்கரத்தைப் பிடித்து ஆட்டிப் பார்த்துவிட்டு, "சார், பேரிங் போயிருச்சு" என்பார்கள். அதற்குள் செயின் செட், ஷூ என்று ஒரு ரவுண்டு காசு போயிருக்கும்.

நான் மடிப்பாக்கத்தில் இருப்பவன். மழைக்காலத்தில் வண்டி தண்ணீரில் இறங்குவது எங்களுக்குப் புதுசில்லை. அதனால் என் 125 சிசி வண்டி முனக ஆரம்பித்ததும் சந்தேகம் நேராகப் பேரிங் மேல்தான் போயிற்று. அபார்ட்மெண்ட் பார்க்கிங்கில் பழைய சாக்கை விரித்துப் போட்டு உட்கார்ந்து நானே மாற்றினேன். அதிலிருந்து எங்கள் பிளாக்கில் யார் வண்டி முனகினாலும் என் வீட்டு பெல் அடிக்கிறது. ஒவ்வொருவருக்கும் வாயால் சொல்லி மாளவில்லை. அதனால் இந்தப் பதிவு.

பேரிங் சத்தத்துக்கு ஒரு குணம் உண்டு. அது சக்கரத்தின் வேகத்தோடுதான் போகும், இன்ஜினோடு போகாது. ஆள் நடமாட்டம் இல்லாத நேர் ரோட்டில் நாற்பது, ஐம்பதில் போய் கிளட்சைப் பிடியுங்கள். இன்ஜின் அடங்கிவிடும். அப்போதும் அடியிலிருந்து "ஊ...ம்" என்று ஒரே சீராக வந்து, வண்டி வேகம் குறையக் குறைய அந்தச் சத்தமும் இறங்கினால், கோளாறு சக்கரத்தில்தான். செயின் ஊளையிடாது, சரக் சரக்கென்று தாளம் போடும். டயர் சத்தம் ரோடு மாறினால் மாறும். தார் ரோட்டிலும் சிமெண்ட் ரோட்டிலும் ஒரே மாதிரி முனகினால் டயரை விட்டுவிடலாம்.

அடுத்து மெயின் ஸ்டாண்ட் போட்டு, டயரை இரண்டு பக்கமும் பிடித்து, ஒரு கையால் தள்ளி மறு கையால் இழுங்கள். நல்ல பேரிங்கில் ஒன்றும் தெரியாது. போன பேரிங்கில் "டக்" என்று ஒரு சின்ன ஆட்டம் கைக்கு வரும். இதில் ஏமாறவும் இடம் உண்டு. ஸ்விங் ஆர்ம் புஷ் தேய்ந்திருந்தாலும் பின்னால் இதே ஆட்டம் வரும். முன்சக்கரம் என்றால் ஹேண்டில்பாருக்குக் கீழே இருக்கும் கோன் செட் லூசாக இருந்தாலும் வரும். வீட்டில் ஒருவரைக் கூப்பிட்டு, சக்கரம் மட்டும் ஆடுகிறதா, அதைப் பிடித்திருக்கும் ஃபோர்க்கோ ஸ்விங் ஆர்மோ சேர்ந்து ஆடுகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். சக்கரம் மட்டும் ஆடினால் பேரிங்.

"ஓடி ஓடித் தேஞ்சிருக்கும் சார், அதுக்கும் ஆயுசுன்னு ஒண்ணு இருக்குல்ல" என்பார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தால் அப்படி வரவில்லை. பைக்குகளில் சகஜமாகப் புழங்கும் ஒரு சைஸ் 6202. அதன் டைனமிக் லோடு ரேட்டிங் ஏறத்தாழ 780 கிலோ. ஆளும் வண்டியுமாக ஒரு பேரிங் மேல் 60 கிலோ இறங்குகிறது என்று வையுங்கள். 780ஐ 60ஆல் வகுத்தால் 13. பதிமூன்றை மூன்று முறை பெருக்கினால் 2197. அத்தனை மில்லியன் சுற்று, நூற்றுக்குத் தொண்ணூறு பேரிங் தாங்கும் என்பது பேரிங் உலகத்தின் பழைய சூத்திரம். சக்கரம் ஒரு சுற்றுக்கு 1.9 மீட்டர் போகிறது என்றால் 40 லட்சம் கிலோமீட்டர் வந்துவிடுகிறது! நம் ரோட்டுப் பள்ளம், ஸ்பீடு பிரேக்கர், பின்னால் மச்சான், முன்னால் கேஸ் சிலிண்டர் எல்லாவற்றையும் சேர்த்துச் சுமையை இரட்டிப்பாக்குங்கள். ஆயுள் எட்டில் ஒரு பங்காகக் குறையும். அப்போதும் 5 லட்சம். நம்மில் யார் பைக் 5 லட்சம் ஓடியிருக்கிறது? 30, 40 ஆயிரத்தில் ஊளையிடுகிறது என்றால் அது ஓடித் தேய்ந்த பேரிங் இல்லை. உள்ளே தண்ணீர் போயிருக்கும், இல்லாவிட்டால் மாட்டும்போதே அடி வாங்கியிருக்கும்.

தண்ணீர் இரண்டு வழியில் போகிறது. ஒன்று வாட்டர் சர்வீஸ். பிரஷர் கன்னை ஹப்புக்கு நேரே பிடித்துச் சேற்றைக் கழுவும்போது, தூசியையும் தெறிப்பையும் மட்டும் தடுக்க வைத்த ரப்பர் உதடு அந்த அழுத்தத்துக்கு வழி விட்டுவிடுகிறது. வண்டி கழுவுகிறவரிடம், "ஹப் பக்கம் மட்டும் சாதாரண தண்ணி ஊத்துங்கண்ணே" என்று சொல்லிப் பாருங்கள். நம்மை ஒரு மாதிரிப் பார்ப்பார். பார்க்கட்டும்.

இன்னொன்று வெள்ளம். பிரேக் பிடித்துப் பிடித்து ஹப் சூடாக இருக்கும். அப்படியே முழங்கால் தண்ணீரில் இறக்கினால் உள்ளே இருக்கும் காற்று சட்டென்று குளிர்ந்து சுருங்கும். சுருங்கும் காற்று வெளியே இருக்கும் தண்ணீரை சீல் வழியாக உறிஞ்சும். 2015 டிசம்பரிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோதும் தென்சென்னையில் எத்தனையோ வண்டி நாள்கணக்கில் தண்ணீரில் நின்றது. எல்லோரும் இன்ஜின் ஆயில் மாற்றினார்கள், ஏர் ஃபில்டர் மாற்றினார்கள், பிளக்கைக் கழற்றித் துடைத்தார்கள். சக்கரத்தை யாரும் கழற்றவில்லை. பேரிங் இரும்பில் குரோமியம் ஒன்றரை சதவீதம் போலத்தான் இருக்கும், துருப்பிடிக்காத எஃகுக்கு வேண்டியது பத்தரைக்கு மேல். ஆகவே துருவுக்கு நாள் நட்சத்திரம் பார்க்க வேண்டியதில்லை.

இனி சுத்தியல். நான் சொல்ல வருவதே இந்த ஒரு விஷயத்தைத்தான், மற்றதெல்லாம் இதன் கிளை: அடி எப்போதும் குண்டு வழியாகப் போகக்கூடாது.

பேரிங்கில் உள் வளையம், வெளி வளையம், நடுவில் குண்டுகள். குண்டு வளையத்தைத் தொடும் இடம் ஊசிமுனை அளவுதான். 6202 சும்மா நிற்கும்போது தாங்கும் சுமை 380 கிலோ சுமார். அரைக் கிலோ சுத்தியலை ஓங்கி ஒரு போடு போட்டால், அது நிற்கும் அந்தக் கண நேரத்தில் விசை ஒரு டன்னைத் தொடும். வெளி வளையம் ஹப்பில் இறுகி நிற்கும்போது உள் வளையத்தின் மேல் அடித்தால், அவ்வளவும் குண்டு வழியாகப் போய் ஒவ்வொரு குண்டுக்கும் நேரே தடத்தில் ஒரு சின்னக் குழி விழும். கண்ணுக்குத் தெரியாது. புது பேரிங், புது டப்பா, கம்பெனி கிரீஸ் எல்லாம் சரி, ஆனால் மாட்டிய அன்றே அது பாதி செத்தாயிற்று. மூன்று மாதம் கழித்து சத்தம் வந்தால் "டூப்ளிகேட் குடுத்துட்டான் சார்" என்று கடைக்காரர் தலையில் பழி விழும்.

டூப்ளிகேட் இல்லை என்று சொல்லவில்லை, நிறையவே இருக்கிறது. பெயர் பெற்ற கம்பெனிகளின் டப்பாவை அச்சு அசலாக அடித்து விற்கிறார்கள். எஸ்கேஎஃப் போன்றவர்கள் அசலா போலியா என்று சோதிக்கச் செல்போன் செயலியே வைத்திருக்கிறார்கள். நான் ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் பேரிங்குக்கென்றே இருக்கும் கடையில் பில்லோடு வாங்குவது வழக்கம். பழைய கண்ணாடி, சைலன்சர், டேங்க் என்றால் புதுப்பேட்டைக்குப் போங்கள். பேரிங்கைப் பழசாக வாங்காதீர்கள், ஓசியில் கொடுத்தாலும் வேண்டாம்.

கடையில் நம்பர் தெரிந்து பேசினால் நமக்கு மரியாதை கூடும். கடைசி இரண்டு இலக்கம் உள் துளையின் அளவு. 04லிருந்து மேலே ஐந்தால் பெருக்கினால் மில்லிமீட்டர் வந்துவிடும்: 04 என்றால் 20, 05 என்றால் 25. அதற்குக் கீழே நாலு மட்டும் மனப்பாடம்: 00க்கு 10, 01க்கு 12, 02க்கு 15, 03க்கு 17. முன்னால் இருக்கும் 62, 63 என்பது வகை. 6202க்கும் 6302க்கும் துளை ஒரே 15தான். ஆனால் 6202 வெளியே 35 மில்லிமீட்டர், அகலம் 11. 6302 வெளியே 42, அகலம் 13. ஒன்று இருக்க வேண்டிய இடத்தில் மற்றது பொருந்தாது. ஒரே சக்கரத்தில் இடது ஒரு நம்பர், வலது ஒரு நம்பர் என்று வைத்திருக்கும் வண்டிகளும் உண்டு. அதனால் கழற்றிய பேரிங்கின் ஓரத்தைத் துடைத்து, பொறித்திருக்கும் எண்ணைச் செல்போனில் படம் எடுத்துக்கொண்டே கடைக்குப் போங்கள்.

"6202 ரெண்டு குடுங்கண்ணே."

"இசட் இசட்டா, ரப்பரா தம்பி?"

தகர மூடி போட்டது இசட் இசட், ரப்பர் மூடி போட்டது டூ ஆர்எஸ். சக்கரத்துக்கு ரப்பர்தான். தகர மூடி தூசியை ஓரளவு தடுக்கும், தண்ணீரிடம் அதன் பாச்சா பலிக்காது. சி3 என்று பின்னால் எழுதியிருந்தால் உள்ளே இடைவெளி கொஞ்சம் அதிகம் என்று அர்த்தம். வண்டியில் ஏற்கெனவே எது இருந்ததோ அதையே வாங்குங்கள். பின்சக்கரத்தில் ஸ்பிராக்கெட் உட்கார்ந்திருக்கும் கப்ளிங் ஹப்பில் மூன்றாவதாக ஒரு பேரிங் இருக்கும் வண்டிகள் நிறைய. அது யார் கண்ணிலும் படாமல் பல வருஷம் ஓடும். கையோடு அதையும், ஆயில் சீலையும், கப்ளிங் ரப்பரையும் சேர்த்து வாங்கிவிடுங்கள். எல்லாம் சேர்ந்தாலும் ஒரு செயின் செட் விலைக்கு ரொம்பக் கீழேதான்.

சக்கரத்தைக் கழற்றுவதைப் பற்றி அதிகம் எழுதப் போவதில்லை. பஞ்சர் போட்ட எவருக்கும் தெரியும். பிரேக் ராடு, ஸ்டே போல்ட், ஆக்சில் நட், செயின். எந்தப் பக்கத்தில் எந்தக் காலர், எந்த வாஷர் என்று கழற்றும்போதே வரிசையாக நியூஸ்பேப்பரில் அடுக்கி ஒரு போட்டோ எடுத்துக்கொண்டால் போதும். சக்கரம் கைக்கு வந்ததும் உள் வளையத்துக்குள் சுண்டுவிரலை விட்டு மெதுவாகச் சுற்றிப் பாருங்கள். மொழுமொழுவென்று போனால் அது நல்லது. மணல் அரைபடுகிற மாதிரி, இடையில் சிக்கிச் சிக்கிப் போனால் ஆயுள் முடிந்தது.

எடுப்பதில் ஒரு சூட்சுமம். வெளி வளையத்துக்குப் பின்னால் ஹப்பில் ஒரு படி இருக்கிறது, அதனால் உள்ளேயிருந்து அதை அடிக்க வழியில்லை. உள் வளையத்தில்தான் அடித்தாக வேண்டும். அதாவது குண்டு வழியாகத்தான் அடி போகும். ஆகவே ஹப்பிலிருந்து அடித்து எடுத்த பேரிங் அந்த நிமிஷமே குப்பை. "நல்லாத்தான் இருக்கு, கிரீஸ் வச்சு மாட்டிடலாம்" என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

எதிர்ப்பக்கத்திலிருந்து நீளமான கம்பியையோ பஞ்ச்சையோ விட வேண்டும். நடுவில் இரண்டு பேரிங்குக்கும் இடையே ஒரு குழாய் இருக்கும், ஸ்பேசர். அதைக் கம்பியால் ஒரு பக்கமாகத் தள்ளினால் சில மில்லிமீட்டர் நகர்ந்து, எதிரில் இருக்கும் உள் வளையத்தின் விளிம்பு பிறை மாதிரி கொஞ்சம் தெரியும். அந்தப் பிறைதான் நமக்கு இடம். அங்கே ஒரு தட்டு, ஸ்பேசரை எதிர்ப்பக்கம் தள்ளி அங்கே ஒரு தட்டு, இப்படிச் சுற்றிச் சுற்றி வர வேண்டும். ஒரே இடத்தில் அடித்தால் பேரிங் சாய்ந்து அலுமினிய ஹப்பைக் கீறிவிடும். ஹப் கீறினால் லேத் பட்டறைக்குப் போக வேண்டியதுதான். கண்ணுக்கு ஒரு கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். பேரிங் இரும்பு கடினமானது, தெறித்தால் சில்லாகத் தெறிக்கும்.

ஸ்பேசர் நகரவே மாட்டேன் என்றால் ஹார்டுவேர் கடையில் ஏசி அவுட்டோர் மாட்ட விற்கும் ஆங்கர் போல்ட் ஒன்று வாங்குங்கள், துளைக்குள் இறுக்கமாக நுழையும் சைஸில். உள்ளே விட்டு நட்டைத் திருகினால் அதன் உறை விரிந்து உள் வளையத்தைக் கவ்விக்கொள்ளும். பின்பக்கத்திலிருந்து கம்பியால் அந்த போல்ட்டின் தலையைத் தட்டினால் பேரிங்கோடு வெளியே வரும். இதற்கென்றே விற்கும் புல்லரும் உண்டு. எப்போதோ ஒரு முறை செய்கிறவருக்கு அந்தச் செலவு வீண் என்பது என் கட்சி.

புது பேரிங் இரண்டையும் முந்தின இரவே பாலித்தீன் பையில் காற்றுப் புகாமல் சுற்றி ஃப்ரீசரில் வைத்துவிடுவேன். முதல் தடவை வைத்தபோது, "ஐஸ்கிரீம் டப்பா பக்கத்துல என்னங்க இது, பார்ட்ஸ் கடையா?" என்று சமையலறையிலிருந்து குரல் வந்தது. பை பிரியாமல் இருந்தால் வீட்டில் சமாதானமும் இருக்கும், பேரிங்கின் மேல் ஈரமும் கோக்காது. காலையில் சக்கரத்தை மொட்டை மாடி வெயிலில் போட வேண்டும். மே மாத வெயிலென்றால் கறுப்பு அலாய் ஹப் மதியத்துக்குள் கை வைக்க முடியாமல் சுடும். மழைக்காலத்தில் ஹேர் டிரையர். கேஸ் அடுப்பு, வெல்டிங் கொழுந்து பக்கம் கொண்டு போகாதீர்கள்.

இது வெறும் சம்பிரதாயம் இல்லை. அலுமினியம் இரும்பைப் போல ஏறக்குறைய இரண்டு பங்கு விரியும். 35 மில்லிமீட்டர் துளை 40 டிகிரி கூடினால் மில்லிமீட்டரில் நூறில் மூன்று பங்கு பெரிதாகும். ஃப்ரீசரில் கிடந்த பேரிங் நூறில் இரண்டு பங்கு சுருங்கும். சேர்த்தால் நூறில் ஐந்து. இரண்டுக்கும் நடுவே இருக்கும் பிடிமானமே பொதுவாக அதற்குள்தான் அடங்கும். அதனால்தான் நல்ல வெயில் நாளில் பேரிங் தானாகவே முக்கால்வாசி இறங்கிவிடுகிறது.

மீதியை இறக்கும்போது விசை வெளி வளையத்தில் மட்டும் பட வேண்டும். வெளி விளிம்புக்குச் சரியாக உட்காரும் பாக்ஸ் ஸ்பேனர் சாக்கெட் ஒன்று இருந்தால் அதை வைத்துத் தட்டலாம். அதைவிட நான் விரும்புவது திரெட் ராடு. ஹப்பின் குறுக்கே ஒரு நீளத் திரெட் ராடை விட்டு, இந்தப் பக்கம் சாக்கெட்டும் தடித்த வாஷரும் நட்டும், எதிர்ப்பக்கம் ஹப்பின் மேல் உட்காரும் ஒரு பெரிய வாஷரும் நட்டும். ஸ்பேனரால் திருகத் திருக பேரிங் நேராக, சத்தமில்லாமல் உள்ளே போகும். சுத்தியலுக்கே வேலையில்லை. தட்டித்தான் இறக்குகிறீர்கள் என்றால் காதைக் கொடுத்துக் கேளுங்கள். இறங்கிக்கொண்டிருக்கும் வரை "டொப் டொப்" என்று மந்தமாக வரும். படியில் போய் உட்கார்ந்ததும் "டிங்" என்று கெட்டியாகும். அதற்கு மேல் ஒரு அடிகூட வேண்டாம்.

முதல் பேரிங் உட்கார்ந்ததும் சக்கரத்தைத் திருப்பி, ஸ்பேசரை உள்ளே விட்டு, அப்புறம் இரண்டாவது. எந்தப் பக்கம் முதலில் என்பது வண்டிக்கு வண்டி மாறும், சர்வீஸ் மேனுவலில் இருக்கும். இரண்டாவது பேரிங்கை, அதன் உள் வளையம் ஸ்பேசரைத் தொட்டு நிற்கும் வரை மட்டும் இறக்க வேண்டும். அதற்கு மேல் தள்ளினால் ஸ்பேசர் உள் வளையத்தை ஒரு பக்கமாக முட்டும், குண்டு தடத்தின் சுவரில் ஏறிக்கொள்ளும். சரியாக உட்கார்ந்திருந்தால் விரலால் ஸ்பேசரை மேலும் கீழும் தள்ளலாம், ஆனால் கடகடவென்று ஆடாது, பேரிங்கும் லேசாகச் சுழலும்.

இந்த ஸ்பேசரைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேசியாக வேண்டும், ஏனென்றால் சில பட்டறைகளில் இதை மாட்டாமலே விட்டுவிடுகிறார்கள். "சும்மா ஒரு பைப்தானே சார், இல்லாமலும் ஓடும்" என்று எனக்கே ஒருவர் சொன்னார். ஆக்சில் நட்டை இறுக்கும்போது அந்த இறுக்கம் எங்கே போகிறது என்று பாருங்கள். ஸ்விங் ஆர்ம், காலர், இந்தப் பேரிங்கின் உள் வளையம், ஸ்பேசர், அந்தப் பேரிங்கின் உள் வளையம், காலர், மறுபடி ஸ்விங் ஆர்ம். எல்லாம் ஒரே இரும்புத் தூணாக நிற்கிறது. டன் கணக்கில் இறுக்கினாலும் குண்டின் மேல் ஒரு கிராம்கூட விழாது. ஸ்பேசரை எடுத்துவிட்டால் தூண் நடுவில் முறிந்துபோகிறது. அவ்வளவு இறுக்கமும் உள் வளையம், குண்டு, வெளி வளையம், ஹப் என்று திசை மாறிப் போகும். சுத்தியல் ஒரு முறை செய்வதை ஆக்சில் நட் இரவும் பகலும் செய்துகொண்டே இருக்கும்.

மாட்டும்போது ஆயில் சீலின் உதட்டில் விரலால் கிரீஸ் தடவுங்கள், ஆக்சிலிலும் மெலிசாக ஒரு பூச்சு. மூடி போட்ட பேரிங்கை நெம்பித் திறந்து கிரீஸ் திணிக்க வேண்டாம். கம்பெனியிலேயே உள்ளிடத்தில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குத்தான் வைக்கிறார்கள், வேண்டுமென்றுதான். நிறைத்தால் குண்டுகள் கிரீஸையே கடைந்து கடைந்து சூடேறும். டிரம்மிலும் டிஸ்கிலும் கிரீஸ் கை படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். செயின் தொய்வைச் சரி பார்த்து, இரண்டு பக்க அட்ஜஸ்டர் கோடும் ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்து, ஸ்டே போல்ட்டை மறக்காமல் மாட்டி, ஆக்சில் நட்டை மேனுவல் சொல்லும் அளவுக்கு டார்க் ரெஞ்சால் இறுக்குங்கள். முன்சக்கரம் என்றால் ஸ்பீடோமீட்டர் கியரின் நாக்கு ஹப்பின் பள்ளத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். டிஸ்க் பிரேக் வண்டியில் பேடு பின்னால் போயிருக்கும். கிளம்பும் முன் லீவரை நாலைந்து முறை பிடித்துப் பிடித்து விட்டால்தான் பிரேக் வரும். பார்க்கிங்கை விட்டு இறங்கிய பிறகு இது ஞாபகம் வந்து பிரயோஜனமில்லை.

பத்துப் பதினைந்து கிலோமீட்டர் ஓட்டி வந்து ஹப்பில் கை வையுங்கள். வெதுவெதுப்பு சரி. சுட்டால், பிரேக் ஒட்டுகிறது அல்லது பேரிங் பக்கவாட்டில் நசுங்குகிறது.

கார் வைத்திருப்பவர்கள் இதைப் படித்துவிட்டுக் கிளம்ப வேண்டாம். கார் சக்கரத்தைத் தாங்கும் நக்கிளில் அழுத்தி வைத்த பேரிங்குக்கு டன் கணக்கில் தள்ளும் பிரஸ் வேண்டும். போதாததற்கு இப்போதைய பேரிங்குகள் பலவற்றில் ஏபிஎஸ் சென்சார் படிக்கும் காந்த வளையம் ஒரு பக்கத்தில் இருக்கிறது. திருப்பி மாட்டினால் டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு அணையவே அணையாது. போல்ட் போட்டு மாட்டும் ஹப் யூனிட் என்றால் கை பழகியவர் செய்யலாம், ஆக்சில் நட்டுக்கு நீளமான டார்க் ரெஞ்ச் இருந்தால்.

டிராக்டர் டிரெய்லர் வேறு ஜாதி. செய்யாறு பக்கம் என் மாமா ஒவ்வொரு வருஷமும் கரும்பு வெட்டு முடிந்ததும் களத்தில் டிரெய்லரைக் கட்டை கொடுத்து நிறுத்திவிட்டு ஹப்பைப் பிரிப்பார். அதில் குண்டு இல்லை, சாய்ந்த உருளைகள். கோன் தனி, கப்பு தனி. செயிண்ட் லூயிஸில் கோச்சு வண்டி செய்துகொண்டிருந்த ஹென்றி டிம்கென் 1898இல் காப்புரிமை வாங்கிய சங்கதி. பாரத்தோடு வண்டி திரும்பும்போது பக்கவாட்டிலும் தாங்க வேண்டும் என்பதற்காகச் செய்தது. இதற்கு கிரீஸ் நாம்தான் வைக்க வேண்டும். மாமா இடது உள்ளங்கையில் ஒரு உருண்டை கிரீஸை வைத்துக்கொண்டு, கோனின் அகலமான பக்கத்தை அதில் அழுத்தி அழுத்தி இழுப்பார். உருளைகளுக்கு நடுவே மறுபக்கம் கிரீஸ் பிதுங்கி வரும் வரை விடமாட்டார். வைக்கோல் கரியை விளக்கெண்ணெயில் குழைத்துக் கட்டை வண்டி அச்சுக்கு மசகு போட்ட வீட்டில் பிறந்தவர், கை தானாக வேலை செய்யும். நட்டை மட்டும் பைக் மாதிரி முறுக்கக்கூடாது. சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே இறுக்கி, கனமாகச் சுற்றத் தொடங்கியதும் கொஞ்சம் பின்வாங்கி, லேசாகச் சுற்றி மயிரிழை ஆட்டம் இருக்கும் இடத்தில் புது ஸ்பிளிட் பின் குத்த வேண்டும். கோன் போனால் கப்பையும் சேர்த்தே மாற்ற வேண்டும், இதில் பேரம் கிடையாது.

கடைசியாக, கழற்றிய பேரிங்கைத் தூக்கிப் போடும் முன் மூடியை நெம்பி எடுத்து, மண்ணெண்ணெயில் கழுவி, முடிந்தால் உள்ளே பாருங்கள். மூடியைத் திறந்ததும் பழுப்புக் குழம்பாக இருந்தால் தண்ணீர். தடத்தில் குண்டுக்குக் குண்டு ஒரே இடைவெளியில் புள்ளி புள்ளியாகக் குழி இருந்தால், மாட்டியவர் உள் வளையத்தில் அடித்திருக்கிறார் (நீங்கள் கழற்றும்போது அடித்ததும் அப்படித்தான் தெரியும், ஆனால் அந்தக் குழி புதுசாகப் பளபளக்கும், பழைய குழியின் மேல் குண்டு ஓடி ஓடி விளிம்பு உதிர்ந்திருக்கும்). நீலம் பாய்ந்திருந்தால் சூடு. தடத்தின் நடுவில் ஓட வேண்டிய குண்டு ஒரு பக்கச் சுவரில் மட்டும் கோடு போட்டிருந்தால் ஸ்பேசரில் கோளாறு.

எதிர் வீட்டுக்காரர் வண்டியில் போன மாதம் பார்த்தது இந்தக் கடைசி வகை. வாங்கும்போதே செகண்ட்ஹேண்ட், இவர் கைக்கு வந்த பிறகு இரண்டு தடவை பேரிங் மாற்றியாயிற்று. இரண்டும் அசல், இரண்டும் ஊளை. ஸ்பேசர் உள்ளே இருக்கத்தான் செய்தது. வெர்னியரில் அளந்து ஹப்பின் இரண்டு படிகளுக்கு இடையே உள்ள தூரத்தோடு ஒப்பிட்டால், கிட்டத்தட்ட ஒரு மில்லிமீட்டர் குட்டை. வேறு மாடல் வண்டியினுடையதை யாரோ என்றைக்கோ போட்டிருக்கிறார்கள். பார்ட்ஸ் கடையில் சரியான நம்பர் சொல்லி வாங்கி மாட்டினோம். பேரிங்கைவிட அது விலை குறைவு.